பவுடர் பூசினால்தான் பிரசென்ட்

செயற்கை நுண்ணறிவு வகுப்பு எடுக்கிறவர் யாரிடமும் நல்ல பெயர் வாங்கியதாகச் சரித்திரம் இல்லை. நீங்களும் வாத்தியார் என்றால் தலையாட்டுவீர்கள். தண்டலம் பக்கம் ஒரு கல்லூரியில், ஒரகடம் தொழிற்சாலை ஆட்களுக்கு ஞாயிறு வகுப்பு எடுக்கிறேன். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களின் கதையில்தான் தொடங்குவேன். மனுஷனை உயரம், வயது, உடல்பலம் என்று பட்டியலாக்கிய அந்தப் பழக்கம்தான் இன்றைய மெஷின் வரை வந்திருக்கிறது என்பது என் கட்சி.

யார் அனுப்பியது?

முதல் நாள், "உங்கள் லைனில் எந்த வேலை ரொம்பக் கஷ்டம்? எழுதிக் கொடுங்கள்" என்றேன். சும்மா பேச்சுக் கொடுக்கத்தான் கேட்டேன். எல்லாரும் வெற்றுத்தாளைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

டீ நேரத்தில் வடக்குப்பட்டு ஏழுமலை, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர், பக்கத்தில் வந்து நின்றார். "போன வருசம் ஒருத்தர் இப்டித்தான் கேட்டுகினு போனாரு. அடுத்த மாசம் அந்த எடத்துல ரோபோ நிக்குது. உங்கள யாரு மேடம் அனுப்ச்சாங்க?"

கடைசி பெஞ்சு

இன்னொரு ஞாயிறு, தொழிற்சாலையின் மனிதவள அதிகாரி கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். தோட்டங்களில் அடிமைகள் சேர்ந்துகொண்டு வேலையை மெதுவாக்கியதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். மனிதர் கரும்பலகையை ஃபோட்டோ எடுத்தார்.

வகுப்பு முடிந்ததும் சிரித்துக்கொண்டே கேட்டார்: "கம்ப்யூட்டர் கிளாஸ்னுதானே மேடம் பர்மிஷன் கொடுத்தோம்? வேலைய ஸ்லோ பண்றது எந்த சிலபஸ்ல வருது?"

பவுடர் டப்பா

மாரிக்கனி தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், நல்ல கறுப்பு. கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் பிரிவில் ஒப்பந்தத் தொழிலாளி. அந்தப் பிரிவுக்குள் பவுடர் கூடாது. ஒரு துகள் விழுந்தாலும் பெயிண்டில் குழி விழுந்துவிடும். ஆனால் கேட்டில் முகம் பார்த்து வருகைப்பதிவு செய்யும் மெஷின் இருக்கிறது. சேர்ந்த அன்று, ஃபோட்டோ என்றதும் நம் வழக்கப்படி எல்லாரும் பவுடர் பூசிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். மெஷினுக்கு அந்த முகம்தான் தெரியும். அதனால் ஷிஃப்ட் பஸ்ஸில் பவுடர் டப்பா கைமாறும், கேட்டைத் தாண்டியதும் குழாயடியில் முகம் கழுவுவார்கள்.

ஒருநாள் மாரிக்கனியின் காதோரம் மிச்சமிருந்த பவுடருக்கு சூப்பர்வைசர் மெமோ கொடுத்தார். பயந்துபோய் இரண்டு நாள் பூசாமல் போனாள். வேலை செய்தும் இரண்டு நாளும் ஆப்சென்ட். இன்னொன்று விழுந்தால் வேலை போய்விடும்.

மெஷினுக்கு வெளுத்த முகங்களையே அதிகம் காட்டிப் பழக்கியிருப்பார்கள், இதை முதலில் தட்டிக்கேட்டவர்களில் அந்தக் கப்பல் ஜனங்களைப் போலவே ஆப்பிரிக்க வம்சத்துப் பெண்களும் உண்டு என்றேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை. "மிசினு மட்டுமா மேடம்? பொண்ணு பாக்க வந்தன்னைக்கும் பவுடர் போட்டுத்தான் நிக்கச் சொன்னாவ."

டியூப்லைட்

வகுப்பே சேர்ந்து தொழிற்சாலை நிர்வாகத்துக்கு மனு எழுதியது. பவுடரோடு ஒன்று, இல்லாமல் ஒன்று என்று இரண்டு ஃபோட்டோவும் இணைத்தோம். முதல் கையெழுத்து ஏழுமலையுடையது. நான் நகல் எதற்கு எடுக்கிறேன் என்பதையும் அவர்தான் முதலில் கேட்டார்.

அடுத்த ஞாயிறு மாரிக்கனி நடந்ததைச் சொன்னாள். அதே மனிதவள அதிகாரி கேட்டுக்கு வந்து, பவுடர் இல்லாமல் அவளைப் புதிதாக ஃபோட்டோ எடுத்து ஏற்றினார். அப்போதும் மெஷின் அவளை ஏற்கவில்லை. அவர் தன் சிவந்த முகத்தைக் காட்டினார், உடனே பச்சை விளக்கு எரிந்தது. பிறகு, நிற்பவர் முகத்தில் வெளிச்சம் விழும்படி மெஷினுக்கு மேலே ஒரு டியூப்லைட் போட்டார்கள். மாரிக்கனி பிரசென்ட். பழைய ஆப்சென்ட் இரண்டையும் ரத்து செய்தார்கள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் மட்டும் யோசனையாகவே இருந்தாள். "கரண்டு போச்சுன்னா அன்னைக்கு நான் லீவா மேடம்?"

இத்தனை நாள் பாடமெடுத்ததில் நான் கற்றது, ஆளைச் சந்தேகப்பட ஒரு நிமிஷம் போதும், மெஷினைச் சந்தேகப்படத்தான் ஒரு மனு, இரண்டு ஃபோட்டோ, ஓர் அதிகாரியின் முகம் எல்லாம் வேண்டியிருக்கிறது.