தோல் குவியலுக்குள்

வேலை தேடி விழுப்புரம் போகும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் வேர்க்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, உடைக்க, அந்தத் தூசி வாசனையில், திண்டிவனத்தில் இன்று பெட்ரோல் பங்க் இருக்கும் இடத்தில் அன்றிருந்த மல்லாட்டை மில் நினைவுக்கு வந்தது. அங்கே அம்மா முறத்தில் புடைத்துக்கொண்டிருக்க, என்னைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப்போக வரும் வாத்தியாரின் சைக்கிள் மணி கேட்டதும் நான் வெதுவெதுப்பான மல்லாட்டைத் தோல் குவியலுக்குள் தலை மறையப் புதைந்துகொள்வேன். ஒருநாள் இருவருக்கும் வாக்குவாதம்.

“பெத்தவ நீதாம்மா அனுப்பணும்.”

“கவர்மெண்டு சம்பளம் உங்களுக்குத்தானே சார்? நீங்களே இட்டுக்கினு போங்க. தோ, அந்தக் குவியல்லதான் கீது.”

“நான் என்ன, தோண்டிக்கினா இருக்க முடியும்?”

உள்ளே நான் சிரிப்பை அடக்கியபடி, யாருடைய கை முதலில் நீளும் என்று காத்திருந்தேன். சைக்கிள் கிளம்பிப் போனது. மறுநாள் வாத்தியார் வரவில்லை. அதற்குப் பிறகு நான் ஒளியவே வேண்டியிருக்கவில்லை.