ஏழு பேர் போதும்

நான்கு வருடமாகத் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியும் கால் நுனியை நீட்டி வைக்க அவளுடைய மாணவிகளில் ஒருத்தி கூடக் கற்றுக்கொள்ளவில்லை. தலைகீழாகத் தொங்கும்போது எல்லாருடைய பாதமும் சட்டை மாட்டும் கொக்கி மாதிரி மடங்கியே நிற்கும். சொல்லிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள், பிரம்பு ஒன்றுதான் எடுக்கவில்லை. ஆனால் அவள் சொல்லியே கொடுக்காத ஒன்றை எட்டுப் பேரும் அச்சுப் பிசகாமல் கற்று வைத்திருந்தார்கள் என்பது, அவளுடைய பிழைப்பைச் சோதிக்க ஒருவர் வந்து உட்கார்ந்த அன்றுதான் தெரிந்தது.

வந்தவர், கம்பத்தில் ஏறி ஆடும் 'போல் டான்ஸ்' பயிற்சியாளர்களுக்குச் சான்றிதழ் கொடுக்கும் சங்கத்துக்காரர். சான்றிதழ் இல்லாதவர்கள் இனிமேல் வகுப்பு எடுக்கக் கூடாது என்று காப்பீட்டுக்காரர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்களாம். ஸ்டூடியோவின் உரிமையாளரம்மா உடனே அவரை வரவழைத்துவிட்டார். மூலையில் மடக்கு நாற்காலியைப் போட்டு நோட்டைத் திறந்த மறு நிமிடமே மாணவிகள் அவருக்கு நோட்டுக்காரம்மா என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவருக்குப் பிடித்தால் மாலை ஆறு மணி வகுப்பு அவளுடையது. பிடிக்காவிட்டால் வெளியிலிருந்து யாராவது வந்து எடுப்பார்கள், அவள் மறுபடி மாணவியாகப் போய்க் கடைசிக் கம்பத்தில் நிற்க வேண்டியதுதான்.

எட்டுப் பேரும் ஒவ்வொருத்தியாகக் கம்பத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு தலைகீழாகப் போனார்கள். முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்கி, பின்னால் சாய்ந்து, காலை விரித்து, ஒரு காலைக் கம்பத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். எட்டுப் பேரும் மாட்டினார்கள். யாரும் விழவில்லை. அவளுக்கு உள்ளுக்குள் பெருமை பொங்கியது.

நோட்டுக்காரம்மா பேனாவால் தட்டினார். "ஏன் எல்லாரும் ரெண்டு தடவ போறாங்க?"

"ரெண்டு தடவயா?"

"பாதி தூக்கிட்டு, கீழ வெச்சிட்டு, அப்பறம் போறாங்க. எட்டுப் பேரும்."

அவள் வாயைத் திறக்கும் முன் கல்லூரியில் படிக்கிற வாலு முந்திக்கொண்டாள். வகுப்பிலேயே சின்னவள், வாயும் அவளுக்குத்தான் பெரிசு. "அது எங்க டீச்சரோட டெக்னிக் மேடம். நாங்க முன்னோட்டம்னு சொல்லுவோம்."

மற்றவர்கள் பெருமையாகத் தலையாட்டினார்கள். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"அப்படிப் பாதியில எறக்கினா பாரம் முழுக்கத் தோள்ல விழும். தெனம் செஞ்சா தோள் போயிடும்" என்றார் நோட்டுக்காரம்மா. "மூணு வாரத்துல மறுபடி வரேன். ஒரே எடுப்புல போகணும். உங்களையும் அன்னிக்குப் பாத்துக்கறேன், இன்னிக்கு நேரமாயிடுச்சு."

அன்று வீட்டுக்கு வந்தவள் செருப்பைக் கழற்றும்போதே புருஷனைக் கூப்பிட்டாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். கூடத்தில் தரைக்கும் கூரைக்கும் நடுவே அவளுக்காகக் கம்பத்தை முடுக்கிக் கொடுத்தவர் அவர்தான். "ஊரு சனம் மேல போறதுக்கு நான் மெஷினோட மல்லுக்கட்டறேன், நீ மெஷின் இல்லாமலே போற" என்று அன்று முதல் இன்றுவரை அதே நகைச்சுவைதான். மாமியாருக்கு அந்தக் கம்பம் ஈரத்துண்டு சுற்றிக் காயப்போட வசதி. மருமகள் அரைக்கால் சட்டையில் ஏறுவதைப் பார்க்க மனம் ஒப்பாமல் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வாரே தவிர, ஒரு நாளும் தடுத்ததில்லை. வெளியே கிளம்பினால் மட்டும், "என்ன, கம்பி எண்ணப் போறியா?" என்று கேட்பார்.

"நான் தலைகீழாப் போறத ஃபோன்ல எடுங்க" என்றாள்.

எடுத்தார். பார்த்தாள். கால் ஒரு சாண் உயர்ந்தது, பாதம் திரும்பத் தரையைத் தொட்டது, அப்புறம்தான் மேலே போனது. மறுபடி எடுக்கச் சொன்னாள். அதே கதை. ஆறாவது முறையும் பாதம் தரையை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டே போனது. அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"எத்தன நாளா நான் இப்படிப் பண்றேன்?"

"நீ விழுந்ததுலேருந்து" என்றார் அவர், சாப்பாடு ஆறிவிட்டது என்று சொல்கிற குரலில்.

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

விழுந்தது அவள் மாணவியாக இருந்த இரண்டாம் வருடத்தில். பகலில் அவளுக்குச் சலவைக் கடையில் வேலை. கோட்டு, புடவை, திரைச்சீலை எல்லாவற்றுக்கும் யாருடையது என்று தெரிய எண் எழுதிய துணித்துண்டு குத்தி வைக்க வேண்டும். நாள் முழுக்க ஆவியிலும் ரசாயனத்திலும் நின்று கை வறண்டு வெடிக்கும், அதனால் கிரீம் தடவுவாள். வகுப்பு நாளில் உடம்பில் கிரீம் ஆகாது என்பது இந்தக் கம்ப ஆட்டத்தில் முதல் பாடம். பழக்கதோஷத்தில் ஒரு நாள் மதியமே தடவிவிட்டாள். மாலையில் தலைகீழாய்ப் போனபோது பிடி நழுவியது, மெத்தையில் கழுத்து முதலில் போய் இறங்கியது. எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்று வாரம் கழுத்துப்பட்டையோடு எண் துணி குத்தினாள். பிறகு திரும்பிப் போனாள், தேறினாள், உதவிப் பயிற்சியாளர் ஆனாள். அந்தச் சம்பவத்தைப் பற்றி யார் கேட்டாலும், "அதெல்லாம் எப்பவோ மறந்தாச்சு" என்பாள். மறந்ததாகத்தான் அவளும் நம்பிக்கொண்டிருந்தாள்.

மறு வகுப்பில் விஷயத்தைச் சொன்னாள். விஷயம் முழுவதையும் சொல்லவில்லை. "முன்னோட்டம் தப்பு. தோளுக்குக் கெடுதல். இனிமே ஒரே எடுப்பு" என்று மட்டும் சொன்னாள்.

"அவ்ளோதானா?" என்று வாலு ஒரே எடுப்பில் போனாள். அவள் பின்னால் இரண்டு நர்ஸ்கள் போனார்கள், ரொட்டிக்கடைக்காரி போனாள். அரை மணி நேரத்தில் ஏழு பேர், சட்டையில் ஒட்டிய நூலைத் தட்டிவிடுவது போல முன்னோட்டத்தைத் தட்டிவிட்டார்கள். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவளுக்கோ பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக் கம்பத்தில் அவள் நேற்றிரவு இருபது முறை முயன்றும் உதறமுடியாத ஒன்று, இவர்களுக்கு அரை மணி நேர வேலையா?

எட்டாவது ஆள் தபாலக்கா. பத்து வருடமாக வீடு வீடாகத் தபால் கொடுக்கிறவர், அவளைவிட எட்டு வயது மூத்தவர். மாடி ஏறி ஏறிக் கால் இரண்டும் இரும்பு. பலத்துக்கு ஒரு குறைவும் இல்லை. ஆனால் பாதத்தைத் தூக்குவார், தரையைத் தொடுவார், பிறகுதான் போவார்.

"தொடாதீங்கக்கா. நேரா போங்க, நான் பிடிச்சிருக்கேன்."

"சரி டீச்சர்" என்பார். தொடுவார்.

"அக்கா, தொடறீங்க."

"தொட்டனா?" என்று அவரே ஆச்சரியப்படுவார்.

இரண்டு வாரம் இதே பாட்டு. முதுகில் கை கொடுத்துப் பார்த்தாள். காலுக்கடியில் தலையணை போட்டுப் பார்த்தாள். தபாலக்கா தலையணையைத் தொட்டுவிட்டுப் போனார். தரையைத் தொடவிடாமல் இருக்க அவரை முக்காலி மேல் நிறுத்தியபோது, அவர் ஏறவே இல்லை. முக்காலியில் நின்றபடி கம்பத்தைக் கட்டிக்கொண்டு, "இன்னிக்கு வேணாமே" என்றார். அவர் மேல் எரிந்து விழலாம் போல இருந்தது. நாக்கின் நுனிவரை வந்ததை மென்று விழுங்கினாள். ஏனென்றால் வீட்டில் அவள் கதையும் அதேதான். பத்தில் இரண்டு முறை சுத்தமாய்ப் போனாள், எட்டு முறை பாதம் தன் போக்கில் தரையைத் தேடியது. தன்னைத் திட்ட முடியாத ஆத்திரம் எல்லாம் தபாலக்காவைப் பார்த்தாலே மூக்கு நுனியில் வந்து நின்றது.

நோட்டுக்காரம்மா மறுபடி வரும் நாளுக்கு இரண்டு நாள் முன்பு, உடை மாற்றும் அறையில் தபாலக்கா தனியாக இருந்தார். நீலச் சீருடையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, வெள்ளிக்கிழம வகுப்புக்கு..." என்று ஆரம்பித்தவள் அலமாரிக் கதவைத் திறந்து மூடினாள். "நோட்டுக்காரம்மா ஏழு பேர் போதும்னு சொல்லிட்டாங்க. எடம் பத்தாதாம். நீங்க அன்னிக்கு ஓய்வெடுத்துக்குங்க."

தபாலக்கா அவளை ஒரு நொடி பார்த்தார். பிறகு பையின் ஜிப்பை இழுத்தார்.

"சரி டீச்சர்."

கேள்வியே இல்லாமல் போனதில் அவளுக்கு முதலில் நிம்மதிதான். படியிறங்கும்போதுதான், செய்தது அற்பத்தனம் என்று உறைத்தது. கூப்பிட்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம். வெள்ளிக்கிழமை முடியட்டும், பேசிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை ஏழு பேரும் பிசிறில்லாமல் போனார்கள். வாலு மேலே போய்க் கால் நுனியைக் கூட நீட்டினாள். நான்கு வருடத்தில் முதல்முறை, அதுவும் சோதிக்க வந்தவருக்காக. நோட்டுக்காரம்மா ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார்.

"எட்டாவது ஆள் எங்க?"

"வர முடியல."

"சரி, இப்ப நீங்க."

கைக்கு வெள்ளைப் பொடி தேய்த்துக்கொண்டாள். கம்பத்தைத் துடைத்தாள். துடைத்த கம்பத்தையே மறுபடி துடைத்தாள். பத்தில் இரண்டு, அந்த இரண்டில் ஒன்று இப்போது வந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டு அக்குளில் இடுக்கினாள். முழங்கால் உயர்ந்தது, இடுப்பு உயர்ந்தது. பாதம் இறங்கி வந்து தரையைத் தொட்டது. பிறகு அவள் மேலே போனாள், அழகாகவே போனாள். தலைகீழாகத் தொங்கியபடியே மாணவிகள் ஏழு பேரின் முகத்தையும் பார்த்தாள். ஒருத்தியாவது சிரித்திருந்தால் தேவலை. எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நோட்டுக்காரம்மா கெட்டவர் இல்லை. உரிமையாளரம்மாவை அழைத்து வைத்துக்கொண்டுதான் சொன்னார். "சொல்லிக்குடுக்கறதுல கொற சொல்ல ஒண்ணும் இல்ல. சான்றிதழ் தரேன். ஆனா இவங்க செஞ்சு காட்ட வேணாம். வேற யாராவது செஞ்சு காட்டட்டும், இவங்க சொல்லட்டும். அப்படித்தான் எழுதப்போறேன்."

"வாலு செய்வா" என்றார் உரிமையாளரம்மா உடனே. பெரிய பாரம் இறங்கின முகம் அவருக்கு.

அவளுக்கு என்ன முகம் வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. தேறியாகிவிட்டது, வகுப்பும் கையில்தான் இருக்கிறது. வீட்டில் புருஷன் இனிப்பு வாங்கி வந்தார். மாமியார், "அப்ப இனிமே நீ ஏற வேணாம், சும்மா நின்னு சொன்னாப் போதும். நல்லதாப் போச்சு" என்று மனம் நிறைந்து சொன்னார். நல்ல மனசில்தான் சொன்னார், அதனால் கோபித்துக்கொள்ளவும் வழியில்லை. அவள் இனிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரே தப்புக்கு நோட்டுக்காரம்மா தன்னை உள்ளே விட்டதையும் தபாலக்காவைத் தான் வெளியே நிறுத்தியதையும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த இரண்டு வகுப்புக்கும் தபாலக்கா வரவில்லை. ஃபோனை எடுக்கவும் இல்லை. மறுநாள் சலவைக் கடையில் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டுக்கொண்டு தபால் நிலையத்துக்குப் போனாள். பின்கட்டில் தபால்காரர்கள் வரிசையாக நின்று, சுவரிலிருந்த சின்னச் சின்னப் பலகை அறைகளில் தெரு வாரியாகக் கடிதம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். தபாலக்கா கை நிற்காமலே, "வாங்க டீச்சர்" என்றார். "சான்றிதழ் கெடச்சிடுச்சாமே. வாலு ஃபோன் பண்ணா."

"நீங்க ஏன்கா வரல?"

"ஏழு பேர் போதும்னீங்களே."

அவளுக்குக் காது சூடேறியது. "அது பொய்க்கா. நீங்க தரையத் தொட்டா எனக்கு ஆகாதுன்னுதான் வர வேணாம்னு சொன்னேன்."

"தெரியும்." ஒரு கட்டு தபாலை ரப்பர் போட்டு வைத்தார். "அத அன்னிக்கே சொல்லியிருந்தா, ஒரு நாள் என்ன, ஒரு மாசம் கூட வீட்ல இருந்திருப்பேன். பயம்னு சொல்ல உங்களுக்கு வாய் வரல. அதான் எனக்கு வருத்தம்."

"இப்ப சொல்றேன்கா. எனக்குப் பயம். ஆறு வருஷமா பயம்."

"அதுவும் தெரியும். தெரிஞ்சுதானே சேந்தேன்." தபாலக்கா இப்போதுதான் அவள் பக்கம் திரும்பினார். "மொத நாள் கதவுகிட்ட நின்னு பாத்தேன். எல்லாரும் பறக்கறவங்களா இருப்பாங்க, நமக்கு ஒத்துவராது, போயிடலாம்னு நெனச்சேன். அப்ப நீங்க பாதி போயிட்டு எறங்கினீங்க. எறங்கி, மறுபடி போனீங்க. சரி, இந்தம்மா நம்ம ஆளுன்னு உள்ள வந்தேன்."

அவள் இன்னும் ஓர் அடி நெருங்கி நின்றாள்.

"திரும்ப வாங்கக்கா. தொட்டுட்டே போங்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. தோள் நோகாம மெதுவா எறக்கறதுக்கு நான் சொல்லித் தரேன்."

தபாலக்கா பையை மேசை மேல் வைத்து, கட்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கினார். யோசிக்கிறார் என்று அவள் காத்திருந்தாள். வந்துவிடுவார் என்றுகூடத் தோன்றியது.

"இப்ப யாரு செஞ்சு காட்டறாங்க?"

"வாலு."

"எப்படிப் போறா?"

"ஒரே எடுப்புல."

"ம்" என்றார் தபாலக்கா. பை நிறைந்துவிட்டது, வாரைத் தோளில் மாட்டிக்கொண்டார். "நல்லாப் போவா, சின்னப் பொண்ணு. அவளப் பாத்தா எனக்குக் கை தட்டத்தான் தோணும் டீச்சர், ஏறத் தோணாது."

சொல்லிவிட்டு அவள் கையை ஒருமுறை பிடித்து அழுத்தினார், கோபம் இல்லை என்பதற்காக. பிறகு வாசலில் இருந்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தன் தெருக்களைப் பார்க்கப் போனார். அவள் பலகை அறைகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தாள், வேலை கெடுகிறது, கொஞ்சம் நகர்ந்துகொள்ளம்மா என்று பக்கத்துத் தபால்காரர் சொல்லும்வரை.