பிளாஷா, எல்.இ.டி.யா?

கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டு முன்னறையைக் குழந்தைகளுக்கான போட்டோ ஸ்டுடியோவாக மாற்றியபோது என்னிடம் கேமரா இருந்தது, விளக்கு இல்லை. ஜன்னலுக்கு எதிரே பக்கத்து வீட்டுச் சுவர். நடுப்பகலிலும் அறை மங்கல்தான்.

விளக்கு வாங்கும் முன் ஒரு வாரம் போனில் வீடியோ பார்த்தேன். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அணையாமல் எரியும் எல்.இ.டி. விளக்குதான் நல்லது, நிழல் எங்கே விழுகிறது என்று கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றார் ஒருவர். பிளாஷ் இல்லாமல் ஸ்டுடியோவே இல்லை என்றார் இன்னொருவர். இரண்டுமே சரியாகத்தான் பட்டது. சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கும் கணவரைப் போனில் கேட்டேன். அரவை நேரம், பின்னால் ஒரே இரைச்சல். "எனக்கு இன்னா தெரியும்? நீயே பாத்து எடு" என்று வைத்துவிட்டார்.

கேமரா கடைக்கார பாய் இரண்டு செட்டையும் பிரித்து நிறுத்திக் காட்டினார்.

"பச்சக் கொழந்தைங்க கை கால ஆட்டிக்கினே இருக்கும்மா. எல்.இ.டி.ல வெளிச்சம் கம்மி, படம் கலங்கிப்போவும். பிளாஷ்னா அப்படியே நிக்கும்."

ஒரு மணி நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் முகத்தில் சலிப்பு தெரிந்ததும் பிளாஷைக் கட்டச் சொன்னேன். யோசித்து எடுத்தேன் என்று சொல்ல மாட்டேன்.

இரண்டாம் மாதம் கல்வராயன் மலையிலிருந்து ஒரு பெண் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். சிறுமிக்கு ஐந்து வயது இருக்கும். ஏதோ அட்டைக்குப் போட்டோ வேண்டுமாம். என்ன அட்டை என்று நான் கேட்கவில்லை.

ஸ்டூலில் உட்கார்ந்த குழந்தை கேமராவைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தது. கைதட்டிக் கூப்பிட்டு, அது திரும்பும்போதெல்லாம் அழுத்தினேன். ஏழெட்டு முறை பிளாஷ் அடித்திருக்கும். சட்டென்று குழந்தையின் கண் மேலே செருகியது. உடம்பு விறைத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தரையில் விழுமுன் தாய் தாங்கிப் பிடித்துவிட்டாள்.

உள்ளே ஓடிச் சாவிக்கொத்தை எடுத்து வந்தேன்.

"சாவியெல்லாம் வேணாங்கக்கா. அந்தத் துணியக் குடுங்க."

பின்னால் தொங்கிய திரையை இழுத்துக் கொடுத்தேன். அவள் அதை மடித்துத் தலைக்கடியில் வைத்து, மகளை ஒருக்களித்துப் படுக்கவைத்தாள்.

"ஆம்புலன்ஸ் கூப்பிடட்டுமா?"

"கொஞ்சம் பொறுங்க. ரெண்டு நிமிசத்துல வுட்டுடும். வுடலன்னா கூப்புடலாம்."

குழந்தையின் கால் உதறி உதறி விளக்கு ஸ்டாண்டில் பட்டது. அது மேலே விழாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். வேறு எதுவும் எனக்குச் செய்யத் தெரியவில்லை. அந்தத் தாயோ மகளின் வாயோரத்தைத் துடைத்துக்கொண்டே என்னையும் பார்த்து, "பயப்படாதீங்கக்கா" என்றாள்.

வலிப்பு விட்டதும் குழந்தை தூங்கிவிட்டது.

"முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா?" என்றேன். கேட்டதுமே வெட்கமாக இருந்தது.

"சொன்னா எடுக்க மாட்டாங்கக்கா. ஒருத்தரு வேணான்னு அனுப்பிச்சிட்டாரு. இந்த நோவுக்குத்தான் அட்டையே. வெளிச்சத்துக்கு வரும்னு எனக்கும் தெரியாது." பிறகு கேட்டாள்: "படம் வுழுந்துச்சா?"

விழுந்திருந்தது. கடைசிப் படத்தில் குழந்தை கேமராவை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது. அழகான படம். அடுத்த நொடிதான் அந்தக் கண் செருகியது. பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். அவள் வெகுநேரம் பார்த்துவிட்டு, "நல்லாருக்கா இல்ல?" என்றாள். பெரிய ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டுப் போகச் சொன்னேன். "காட்டிக்கினுதான் இருக்கோம்" என்று மகளைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

மறுநாள் கடைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். பாய் பிளாஷை வாங்கிக்கொண்டு எல்.இ.டி. செட்டை எடுத்து வைத்தார்.

"இதுல அப்படி வராதில்ல?" என்றேன்.

"அது எனக்கு எப்படிம்மா தெரியும்? டாக்டரத்தான் கேக்கணும்."

அதைத்தான் வாங்கி வந்தேன். இப்போது எந்தக் குழந்தையை உட்காரவைத்தாலும் முதலில் தாயிடம் கேட்கிறேன். போன வாரம் ஒருத்தி, "எம் புள்ளைக்கா வலிப்புன்ற?" என்று கோபித்துக்கொண்டு, பட்டுப்பாவாடை கட்டியிருந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். கூப்பிட்டேன். திரும்பவில்லை.