குழிக்கு மேலே நின்றவர்

கருந்துளைக்குள் ஒருவர் விழுந்தால் என்ன ஆகும் என்பதை என் மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்களுக்கு விளக்கினாள். ஓசூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர் அவள். திங்கட்கிழமை வகுப்பில் சொல்ல வேண்டியதை ஞாயிற்றுக்கிழமையே எங்களிடம் சொல்லிப் பார்ப்பாள். இந்த இரண்டு கிழங்களுக்கும் புரிந்துவிட்டால் பிள்ளைகளுக்குக் கட்டாயம் புரியும் என்பது அவள் நினைப்பு. பெற்றவர்களுக்கு எப்பேர்ப்பட்ட மரியாதை பாருங்கள்.

"அம்மா, ஒரு ஆள் அதுக்குள்ள விழறான்னு வெச்சுக்கோ. கையில டார்ச் லைட். விட்டு விட்டு அடிச்சுக்கிட்டே போறான். நாம தூரத்துல நின்னு பாக்கறோம். மொதல்ல வெளிச்சம் ஒழுங்கா வரும். அவன் கிட்டப் போகப் போக ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல நேரம் கூடிக்கிட்டே போவும். வெளிச்சம் செவந்து மங்கிடும். பாக்கறவங்களுக்கு அவன் விளிம்புலயே தொங்கிக்கிட்டு நிக்கற மாதிரி இருக்கும். உள்ள போனதை நாம பாக்கவே முடியாது."

"விழுந்தவனுக்கு?" என்று கேட்டேன்.

"அவனுக்கு வித்தியாசமே தெரியாது. பெரிய துளையா இருந்தா விளிம்பைத் தாண்டினதுகூடத் தெரியாது. அவன் கடியாரம் எப்பவும் போலத்தான் ஓடும். அப்புறம்தான் கஷ்டம். இழுத்து இழுத்து சேவை மாதிரி நீட்டிடும். திரும்பி வர வழியில்ல. உள்ள போன வெளிச்சமே வெளிய வராதுன்னா பாத்துக்கோயேன்."

"இதெல்லாம் எனக்குத் தெரிஞ்சதுதான்" என்றேன். "நான் விழுந்து எழுந்து வந்திருக்கேன்."

மகள் சிரித்தாள். களியைக் குழம்பில் தோய்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. கை அப்படியே நின்றுவிட்டது. அவருக்குத் தெரியும் நான் எதைச் சொல்கிறேன் என்று.

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது அது. எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. குருபரப்பள்ளிக்குப் பக்கத்துக் கிராமத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தேன். வீட்டில் மாமியார், வீட்டுக்காரர், அவருடைய தங்கை, நான். மாமனார் இல்லை. வாய் எல்லோருக்கும் இருந்தது. எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது என்பார்கள். பொய்யில்லை.

எங்கள் பக்கத்தில் அப்போது ராகியை மண்ணுக்குள் வைப்போம். களத்து ஓரத்தில் கெட்டியான நிலமாகப் பார்த்து, வாய் குறுகலாகவும் உள்ளே பானை வயிறு மாதிரி அகலமாகவும் குழி வெட்டுவார்கள். உள்ளே சுற்றிலும் வைக்கோல். ராகியைக் கொட்டி நிரப்பி, மேலே பலகைக் கல்லை மூடி மண் பூசிவிட்டால் வருஷக்கணக்கில் ஒரு புழு வராது. தமிழ் பேசுகிறவர்கள் குழி என்போம், கன்னடம் பேசுகிற பக்கத்து வீட்டார் ஹகேவு என்பார்கள், தெலுங்குக்காரர்கள் பாதர என்பார்கள். பேர்தான் மூன்று. உள்ளே இருப்பது ஒரே ராகி, ஒரே கெட்ட காற்று.

அந்தக் காற்றுதான் ஆபத்து. மூடிக் கிடந்த குழிக்குள் மூச்சு விட எதுவும் இருக்காது. அதனால் குழியைத் திறக்க ஒரு முறை உண்டு. காலையில் கல்லை நகர்த்தினால் சாயங்காலம் வரை சும்மா விட வேண்டும். பிறகு தகர விளக்கை ஏற்றிக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்க வேண்டும். விளக்கு எரிந்தால் ஆள் இறங்கலாம். அணைந்தால் யாரும் கிட்டப் போகக் கூடாது. எங்கள் நிலத்தில் வேலை செய்த பெரியவர் ஒருவர்தான் எப்போதும் குழிக்குள் இறங்குவார். விளக்கு ஒரு துளி மங்கினாலும் இன்னும் கொஞ்ச நேரம் ஆறட்டும் என்று பீடி பற்ற வைத்து உட்கார்ந்துவிடுவார்.

நாத்தனாருக்குக் கல்யாணம் வந்தது. எதிர்பார்த்ததைவிட உறவு ஜனம் முன்னதாகவே வந்து இறங்கிவிட்டது. வீட்டில் இருந்த ராகி மாவு இரண்டு வேளைக்குள் காலி. குழியைத் திறக்கலாம் என்றால் செவ்வாய்க்கிழமை. செவ்வாயில் குழியைத் தொடமாட்டோம். புதன்கிழமை காலையில் பந்தக்கால் நட்டு முடித்த கையோடு கல்லை நகர்த்தினார்கள்.

இதற்கு நடுவில் நான் வீட்டுக்காரரோடு பேசி நான்கு நாள் ஆகியிருந்தது. காரணம், மாடு. என் அம்மா வீட்டிலிருந்து நான் ஓட்டி வந்த செவலைப் பசு. தலைச்சன் கன்று போட்டிருந்தது. என் கையைத் தவிர வேறு கையில் பால் தராது. அதைத் தங்கைக்குச் சீராக அனுப்புவதாக இவர் சபையில் சொல்லிவிட்டு வந்திருந்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு வந்தது. சத்தம் போட்டால் கல்யாண வீடு. அதனால் வாயை மூடிக்கொண்டேன். அவர் கூப்பிட்டால் திரும்பமாட்டேன். கேட்டால் பதில் இல்லை. சாப்பாட்டைத் தட்டில் வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பேன். அவர் தவிக்கிறார் என்று தெரிந்தது. நன்றாகத் தவிக்கட்டும் என்றிருந்தேன்.

கல்லை நகர்த்தியதும் பெரியவர் தகர விளக்கைக் கேட்டார். மாமியாருக்கு முகம் மாறிவிட்டது.

"பந்தக்கால் நட்ட வூட்டுல, எம் மவ கல்யாணத்துக்கு, வெளக்க ஏத்தி எறக்கி அணைய வெக்கச் சொல்றியா? வெளங்குமா இந்தக் குடும்பம்?"

"வெளக்கு எறக்காம நான் எறங்கமாட்டேங்கம்மா. இன்னும் ஆறவே இல்ல. வாடை பாருங்க" என்றார் பெரியவர்.

இரண்டு பேர் சொல்வதிலும் அவரவருக்கு நியாயம் இருந்தது. நல்ல காரியம் நடக்கிற வீட்டில் விளக்கு அணைந்தால் யாருக்குத்தான் பதறாது? எனக்கும் பதறும். விளக்கை இறக்கினால் அணையும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் இறக்க வேண்டாம் என்றார்கள். இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

திருகைக்கல் காத்துக்கொண்டிருந்தது. அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. குறுகலான குழி வாய்க்குள் நுழையக்கூடிய உடம்பு பெரியவரை விட்டால் என்னுடையதுதான். "நான் எறங்கறேன் அத்தே" என்றேன்.

வீட்டுக்காரர் உடனே, "வேணாம், நீ போவாத" என்றார்.

அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை நானே யோசித்திருப்பேன். அவர் சொல்லிவிட்டாரே! புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குழி ஓரத்தில் போய் உட்கார்ந்தேன்.

பெரியவர் அப்படியே இறங்க விடவில்லை. கக்கத்துக்குக் கீழே கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டு, மறுமுனையை வீட்டுக்காரர் கையில் கொடுத்தார். "அம்மா, மேலருந்து கூப்புட்டுக்கிட்டே இருப்போம். கூப்புடறப்பெல்லாம் 'ஓ'ன்னு கொரலு குடுக்கணும். கொரலு நின்னா இழுத்துடுவோம்" என்றார். நான் தலையை ஆட்டினேன். கூப்பிடப் போகிறவர் யார் என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை.

இறங்கினேன். இடுப்பு, மார்பு, தலை எல்லாம் குழி வாயைத் தாண்டின. தாண்டினது எனக்கு விசேஷமாகத் தெரியவில்லை. வெதுவெதுப்பாக இருந்தது, புளித்த வாடை அடித்தது, அவ்வளவுதான். கால் ராகியில் புதைந்தது. மேலே பார்த்தால் ஒரு தட்டளவு வானம். அதற்குள் இவர் முகம்.

"ஏ... கொரலு குடு."

ஆகா, கூப்பிடுகிறது யார்? நான் குடுப்பேனா? வாயை இறுக்கிக்கொண்டு கூடையை எடுத்துக் குனிந்தேன்.

"ஏ... இந்தா... கேக்குதா?"

கேட்டது. நன்றாகவே கேட்டது. ராகியை இரண்டு கையாலும் அள்ளிக் கூடையில் போட்டேன். உள்ளே என்ன அமைதி தெரியுமா! மாமியார் சத்தம் இல்லை, உறவுக்காரர்கள் சத்தம் இல்லை, பாத்திரம் உருளவில்லை. கல்யாண வேலை ஆரம்பித்ததிலிருந்து ஒரு நொடி உட்கார நேரமில்லாதவளுக்கு இது எவ்வளவு பெரிய சுகம்! கொஞ்சம் உட்கார்ந்துகொள்ளலாம் என்று தோன்றியது. உட்கார்ந்தேன். பயம் இல்லை, வலி இல்லை. தூக்கம் வருகிற மாதிரி இருந்தது. நிம்மதியாக இருந்தது, நிஜமாகச் சொல்கிறேன்.

அடுத்து எனக்குத் தெரிந்தது, முகத்தில் சில்லென்று தண்ணீர். கண்ணைத் திறந்தால் வெயில். நாத்தனார் முறத்தால் விசிறிக்கொண்டு அழுகிறாள். வீட்டுக்காரர் மண்ணில் முட்டி போட்டிருக்கிறார், கையிரண்டிலும் கயிறு அறுத்து ரத்தம். எனக்கானால் இப்போதுதான் உட்கார்ந்தேன், அதற்குள் எழுப்பிவிட்டார்கள் என்று எரிச்சல். நான்கு நாளைக்குப் பிறகு அவரிடம் நான் பேசிய முதல் பேச்சு இதுதான்:

"எதுக்கு அதுக்குள்ள இழுத்தீங்க? ஒரு கூடைகூட நெறையல."

"அதுக்குள்ளயா?" என்றார். "அதுக்குள்ளயா?" தலையில் தலையில் அடித்துக்கொண்டார்.

மேலே நடந்தது பிறகு பெரியவர் சொல்லித்தான் தெரியும். இவர் கூப்பிட்டிருக்கிறார், பதில் இல்லை. பெரியவர் "இழுங்கய்யா" என்றிருக்கிறார். "இரு, அவ கோவத்துல இருக்கா, பேசமாட்டா" என்று இவர் மறுபடி கூப்பிட்டிருக்கிறார். மறுபடியும் பதில் இல்லை. என் கோபத்து மௌனம் எங்கே முடிந்தது, அந்த இன்னொரு மௌனம் எங்கே ஆரம்பித்தது என்று மேலே நிற்கிறவருக்கு எப்படித் தெரியும்? மூன்றாவது தரமும் நான் பேசாததும் பெரியவரே கயிற்றில் கை வைத்துவிட்டார். இரண்டு பேரும் இழுத்தார்கள். குழி வாயில் என் தோள் மாட்டிக்கொண்டது. தலை மட்டும் வெளியே தெரிகிறதாம், அதில் காலையில் வைத்த கனகாம்பரம். மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. இவர் கயிற்றை விட முடியாமல் அந்தப் பூவையே பார்த்துக்கொண்டு நின்றாராம். பெரியவர் குப்புறப் படுத்துக் குழிக்குள் கையை விட்டு, என் கையொன்றைத் தலைக்கு மேலே இழுத்துவிட்ட பிறகுதான் உடம்பு வெளியே வந்தது. எவ்வளவு நேரம் என்று பெரியவரைக் கேட்டேன். "ஒரு பீடி நேரம்கூட இருக்காதும்மா" என்றார். அதையே வீட்டுக்காரரிடம் கேட்டேன். எழுந்து போய்விட்டார்.

மாமியார் விறுவிறுவென்று உள்ளே போனார். தானே தகர விளக்கை ஏற்றிக் கொண்டுவந்து, அத்தனை உறவு ஜனத்துக்கும் முன்னால் குழிக்குள் இறக்கினார். ஒரு முழம் போவதற்குள் அணைந்தது. மேலே இழுத்து ஏற்றி மறுபடி இறக்கினார். மறுபடியும் அணைந்தது. சாயங்காலம் அடியில் விளக்கு நின்று எரிகிற வரைக்கும் அந்த இடத்தைவிட்டு அவர் நகரவில்லை. அன்றைக்குக் கல்யாண வீட்டில் எல்லோருக்கும் கடன் வாங்கிய அரிசியில் கஞ்சிதான். நாத்தனார் மூன்று பிள்ளை பெற்று ஓகோவென்று வாழ்ந்தாள். அணைந்த விளக்கு அவளை ஒன்றும் செய்யவில்லை.

மாட்டை நீயே வைத்துக்கொள் என்று இவர் அன்றைக்கே சொன்னார். "மொதல்லயே கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன்" என்று சொல்லி, நானே கயிற்றைப் பிடித்து நாத்தனார் கையில் கொடுத்தேன். கன்றோடுதான்.

அதற்கப்புறம் அவரிடம் பேசாமல் கோபித்துக்கொள்வது என்ற பழக்கமே என்னிடம் இல்லாமல் போயிற்று. பேசித்தான் கோபித்துக்கொள்வேன். ஊர் கேட்கப் பேசுவேன். ஆனால் அவருக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. நான் கண்ணில் படாமல் கொஞ்ச நேரம் போனால் போதும், எங்கிருந்தாவது "ஏ..." என்று ஒரு குரல் வரும். அடுப்படியில் இருப்பேன், குளிக்கப் போயிருப்பேன், சோளக்கொல்லையில் குனிந்திருப்பேன். "இருக்கேன்" என்று நான் சொல்ல வேண்டும். சொன்னால் அவர் வேலையைப் பார்ப்பார். வேறு எதுவும் கேட்கமாட்டார். மகளோடு ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் இரண்டு அறை வீட்டுக்குக் குடிவந்த பிறகும் இது நிற்கவில்லை. இரண்டு அறைக்குள் நான் எங்கே தொலைந்துவிடப் போகிறேன்? "ஏன் இப்படி உயிரை வாங்கறீங்க?" என்று எத்தனையோ தரம் எரிந்து விழுந்திருக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு இதையெல்லாம் சொல்லி முடித்தேன். அவள் குழியைப் பற்றி, காற்றைப் பற்றி ஏதேதோ கேட்டாள். இவர் தட்டில் இருந்த களியை முடித்தார். கடைசியில்தான் வாயைத் திறந்தார்.

"அந்தக் கருந்துளைக்கு இந்தப் பக்கம் நின்னு பாக்கறவன் இருக்கானே, அவனுக்கு என்ன ஆவும்?"

"அவனுக்கு ஒண்ணும் ஆவாதுப்பா. அவன்தான் விழவே இல்லையே, பத்திரமா நிக்கறான்" என்றாள் மகள்.

"அப்படித்தான் பொஸ்தகத்துல போட்டிருக்கா?" என்றார். தட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் கை கழுவப் போனார்.

நான் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன். இத்தனை வருஷம் இந்தக் கதையை நான்தான் விழுந்தவள் என்றே எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். எனக்கு அது கண்ணை மூடித் திறந்த நேரம், முடிந்துபோன சங்கதி. கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தவருக்கு முடிந்ததா என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை. வெளியே தண்ணீர்ச் சத்தம் நின்றது. இப்போது கூப்பிடுவார் என்று தெரியும். அவர் கூப்பிடுவதற்கு முன்னால் நானே குரல் கொடுத்தேன்.

"ஏங்க, இருக்கேன்."

பதில் வரவில்லை. நான் காத்திருந்தேன். மகள் தன் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். இன்னும் பதில் வரவில்லை. எழுந்து போய்ப் பார்க்கலாமா என்று தரையில் கையை ஊன்றினேன்.

"ம்... கேட்டுது" என்றார் வெளியிலிருந்து.