அக்காவின் இருமல் மாத்திரை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தேன். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி ஆலையில் இருந்த என் அக்காவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை. ஒருநாள் அவளுடைய சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றிச் சூடுகாட்டினேன். மேல்பாதி திரிந்த பால்போல வெளுத்தது. சிறுநீரகம் புரதத்தைக் கசியவிடுகிறது. அவளை டாக்டரிடம் கூட்டிப் போனேன்.

டாக்டர் நிதானமாகச் சொன்னார்: "ஒடம்புல ஒரு ஹார்மோன் கிட்னிக்குள்ள அழுத்தத்தக் கூட்டுது. அதத் தடுக்க இப்ப மாத்திரை வந்திருக்கும்மா. கிட்னி கெடுறது மெதுவாகும்."

மாத்திரை போட்ட சில மாதங்களில் அந்த வெண்மை பாதியாகக் குறைந்தது. ஆனால் அதற்கடுத்த முறை பழையபடி வெளுத்தது. மறுபடியும் செய்து பார்த்தேன், அதேதான். சாயங்காலமே பஸ் பிடித்து அக்கா வீட்டுக்குப் போனேன்.

"மாத்திரை போடுதியா இல்லையாக்கா?"

அவள் முகட்டைப் பார்த்தாள். "நிப்பாட்டிட்டேன்ட்டி. அதப் போட்டா வறட்டு இருமலா வருது. சர்ச்சுல பாட முடியல. எம்புட்டு அடக்குனாலும் கேக்கல. அன்னிக்கு என் இருமலுக்குப் பயந்து பாஸ்டரய்யாவே ஜெபத்த நிறுத்திட்டாரு."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லப்படாதா?"

"சொன்னா நீ விடுவியாக்கும்!"

கோபமாகத்தான் போயிருந்தேன். சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் இருவரும் டாக்டரிடம் போனோம். இருமல் அந்த மாத்திரையால் வருவதுதான், பொறுக்க முடிந்தால் விடாமல் போடுவது நல்லது என்றார்.

"பாட்டு போனாப் போகட்டும். நான் கஞ்சிரா தட்டுதேன்," என்றாள் அக்கா.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே தட்ட ஆரம்பித்தாள். தாளத்துக்கு நடுவே இருமுவாள். முன்வரிசைப் பிள்ளைகள் அதற்காகவே காத்திருப்பார்கள்.

சில வருடங்கள் இப்படியே ஓடின. பிறகு ஒருநாள் டாக்டரே கூப்பிட்டுச் சொன்னார்: "அதே ஹார்மோன வேற எடத்துல மறிக்கிற புது மாத்திரை வந்திருக்கு. இதுக்கு இருமல் அநேகமா வராது."

மாற்றிய சில வாரங்களில் இருமல் நின்றது. குழாயில் லேசான கலங்கல் இருந்தது, ஆனால் கூடவில்லை. ரத்தப் பரிசோதனையும் நன்றாகவே இருந்தது.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு அக்கா பாடகர் குழுவின் முன்னால் போய் நின்றாள். குரல் தடித்திருந்தது. ஆர்மோனியக்காரர் அவள் சுருதியைத் தேடித் தேடிக் களைத்தார். அவள் அசரவில்லை. ஒரு சரணத்தைக்கூட விடாமல் பாடி முடித்தாள்.

வெளியே வந்ததும் ஆலைத் தோழி ஒருத்தி மெதுவாகக் கேட்டாள்: "அடுத்த வாரமும் பாடுவீகளா மதினி?"

"இனிமே வாராவாரம்தான்," என்றாள் அக்கா.