அண்ணன் எழுதிய இரண்டாவது விண்ணப்பம்

விடுப்பில் வந்த அண்ணன் அன்று சட்டைக்குள்ளிருந்து ஒரு பாலிதீன் உறையை எடுத்தார். உள்ளே ஒரு விண்ணப்பப் படிவம். கோத்தகிரி மழையில் நனையாமல் அதை நெஞ்சோடு வைத்துக் கொண்டுவந்திருந்தார்.

தேயிலை விலை சரிந்த வருடங்கள் அவை. பச்சை இலைக்குக் கிடைத்த விலை, பறிக்கும் கூலிக்கே கட்டுபடியாகவில்லை. எங்கள் இரண்டு ஏக்கரில் நாங்களே பறித்தோம். அண்ணன் பி.எஸ்ஸி. படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, ஆள் சேர்ப்பு மைதானத்தில் ஓடிக் காட்டி, சிப்பாயாகச் சேர்ந்திருந்தார். அப்பா தடுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு யாராவது அண்ணனின் படிப்பைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

பணியில் இருக்கும் சிப்பாய்கள் தேர்வெழுதி, ராணுவ அகாடமியில் சேர்ந்து அதிகாரியாக முடியும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அவருடைய மேலதிகாரி பரிந்துரை எழுதிவிட்டார். அண்ணனுக்கு ஆங்கிலம்தான் பயம்.

"எழுதிப்போடுவேன் அம்மிணி. பேசறதுதான் வரமாட்டேங்குது."

நான் அப்போது ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன். விடுப்பு முடியும்வரை இலை பறித்தபடியே இருவரும் ஆங்கிலத்தில் பேசினோம். அடுத்த வரிசையிலிருந்து அம்மா சிரிப்பார்: "செடிகிட்டயா ரெண்டு பேரும் பேசறீங்க?"

எழுத்துத் தேர்வில் அண்ணன் தேறினார். ஐந்து நாள் நேர்முகத் தேர்வில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏன் ராணுவத்தில் சேர்ந்தாய் என்ற கேள்விக்கு, நாட்டுப்பற்றைப் பற்றி நான் எழுதிக்கொடுத்ததை அப்படியே ஒப்பித்திருக்கிறார். அதைப் பற்றி மேலும் துருவிக் கேட்டபோதும் அதையே திரும்பச் சொன்னாராம். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. எனக்குத்தான் பல நாட்கள் சோறு இறங்கவில்லை. வயது வரம்பு இன்னும் ஒரே ஒரு முறைதான் இடம் கொடுத்தது.

அடுத்த ஆண்டு மறுபடி விண்ணப்பித்தார். இந்த முறை நான் எதையும் எழுதிக்கொடுக்கவில்லை.

"என்ன சொல்லப் போறீங்கண்ணா?"

"நடந்ததைச் சொல்றேன்."

சொல்லியிருக்கிறார். தேயிலை விலை விழுந்ததால் சம்பளத்துக்காகச் சேர்ந்தேன். சேர்ந்த பிறகு, பனிமலையில் கூட இருந்தவர்களோடு ஒரு குளிர்காலத்தைக் கழித்தபோதுதான் இந்த வேலை பிடித்துப்போனது. இப்போது அவர்களை வழிநடத்தக் கற்றுக்கொள்ள ஆசை, என்று. இலக்கணப் பிழைகள் நிறைய இருந்தனவாம். யாரும் அதைப் பொருட்படுத்தவில்லையாம்.

அண்ணன் தேர்வாகிவிட்டதாகப் பக்கத்து வீட்டுத் தொலைபேசிக்குச் செய்தி வந்தது. எல்லோரும் ஓடினோம். அப்பா ரிசீவரைக் காதில் அழுத்திக்கொண்டு அண்ணன் சொல்வதை வெகுநேரம் கேட்டார். பிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "சாமி, அங்க டிகிரி குடுப்பாங்களா?"

பதில் எங்களுக்குக் கேட்கவில்லை. ரிசீவரை வைத்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மூணு வருசம் படிப்பாம். பட்டம் குடுக்கறாங்களாம்," என்று அம்மாவிடம் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரரிடமும் அதையே சொன்னார். வழியில் இலை எடைபோட வந்தவரிடமும் சொன்னார். அவர்தான் கேட்டார், "முடிச்சுட்டு என்னவா ஆவாருங்க?"

"அதுங்களா? ஆபீசராம்," என்றார் அப்பா, சாதாரணமாக.

இப்போதும் இலை விலை ஏறுவதும் இறங்குவதுமாகத்தான் இருக்கிறது. அண்ணனின் தோளில் நட்சத்திரங்கள் கூடிவிட்டன. வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் அப்பா இன்றும், "பையன் பட்டதாரிங்க," என்றுதான் தொடங்குகிறார். அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். ஒருமுறைகூடத் திருத்தியதில்லை.