டாக்டர் சொன்னதில் நான் விட்ட வரி

எங்கள் அக்கா இறைவனிடம் சென்று ஓராண்டு நிறைகிறது. திருப்பலிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்கள் எல்லாருக்கும் முதலில் வணக்கம். நான் அவருடைய ஒரே தம்பி. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், ஜொகூர் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு லோரி ஓட்டிப் பிழைத்தவன். எழுதுவது எனக்குப் புதிது. பேசுகிற மாதிரித்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்காவின் வாழ்க்கையை எழுதித் தரச் சொன்னார்கள். எழுதுகிறேன். கூடவே, ஒரு வருஷமாக நான் மறைத்து வைத்திருக்கும் ஒரு விஷயத்தையும் எழுதுகிறேன். அது அக்காவின் மகனுக்குச் சேர வேண்டியது. என் மருமகன் இன்று உங்கள் நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறான். நேரே சொல்ல எத்தனையோ முறை வாயெடுத்தேன். "சாப்பிட்டியாப்பா?" என்றுதான் ஒவ்வொரு முறையும் வந்தது.

அக்கா குளுவாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்தவர். அவருக்குப் பதினான்கு வயது, எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது அம்மா காய்ச்சலில் போய்விட்டார். அன்றிலிருந்து எனக்குத் தலை வாரியது, சட்டைக்குப் பொத்தான் தைத்தது, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனது எல்லாம் அக்காதான். "இந்தப் புள்ளைக்கு வயசு பதினாலு இல்ல, நாப்பது" என்று பக்கத்து லயத்துப் பெரியம்மா சொல்வார். அக்கா அதைக் கேட்டு, "அப்ப எனக்குப் பென்ஷன் குடுங்க பெரியம்மா" என்பார்.

எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸைப் பற்றிச் சொல்லாமல் அக்காவைப் பற்றிச் சொல்ல முடியாது. காலையில் பூசை, வீட்டுக்கு வந்து இட்லியும் ஆட்டுக்கறியும், மத்தியானம் டிவியில் ஓர் ஆங்கிலப் படம். வருஷா வருஷம் போடுவார்கள். எந்தப் படமாக இருந்தாலும் அதில் பனி கொட்டும். நாங்கள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு பார்ப்போம். படத்தின் கீழே மலாய் எழுத்து ஓடும். அப்பாவுக்கு மலாய் பேச வரும், வாசிக்க வராது. அதனால் அக்கா டிவிக்கு முன்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, ஓடுகிற எழுத்தை விரட்டி விரட்டி வாசித்து, அப்பாவுக்குத் தமிழில் சொல்வார்.

"என்னா சொல்றான் ஆயி, அந்தத் தொப்பிக்காரன்?"

"வண்டி பனியில மாட்டிக்கிச்சாம்ப்பா. வேற குதிரை வேணுமாம்."

"இம்புட்டு நேரம் பேசுனானே, ஒரு குதிரை கேக்கத்தானா?"

"வெள்ளைக்காரன் சுத்தி வளைச்சுதான்ப்பா பேசுவான்."

அம்மா இறந்த வருஷத்துக் கிறிஸ்துமஸுக்கு வந்த படத்தில் இரண்டு சின்னப் பிள்ளைகள். ஒரு கிழவர் அவர்களை மடியில் வைத்துக்கொண்டு ஏதோ சொன்னார். கீழே, "இபு சுடா தியாடா" என்று ஓடியது. இபு என்றால் அம்மா. சுடா தியாடா என்றால் இப்போது இல்லை. இறந்துவிட்டார் என்பதை மலாய்க்காரர்கள் மரியாதையாக அப்படித்தான் சொல்வார்கள். அப்பா மென்றுகொண்டிருந்த வெற்றிலையை அப்படியே நிறுத்திவிட்டு, "என்னா ஆயி?" என்றார்.

அக்கா அப்பாவின் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "அம்மா வீட்டுல இல்லையாம்ப்பா. ஊருக்குப் போயிருக்காங்களாம்" என்றார்.

எனக்கும் வாசிக்கத் தெரியும். "ஏய் அக்கா, செத்துட்டாங்கன்னுதானே போட்டிரு..." என்று நான் முடிப்பதற்குள் என் தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது. "அவனுக்கு இன்னும் மலாய் சரியா வரலப்பா" என்றார் அக்கா.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எந்தக் கிறிஸ்துமஸ் படத்திலும் யாரும் சாகவில்லை. தாத்தா, பாட்டி, சிப்பாய், ஒரு முறை ஒரு நாய்கூட, எல்லாரும் ஊருக்குத்தான் போனார்கள். பல வருஷம் கழித்து, தோட்டத்தை விட்டு ஜொகூர் பாரு பக்கம் தெப்ராவுக்கு வந்த பிறகு ஒரு கிறிஸ்துமஸில் அப்பா கேட்டார்: "ஏன் ஆயி, எல்லாரும் அந்த ஊருக்கே போறாங்களே, அங்க என்னா, வீட்டு வாடகை கம்மியா?" அக்கா சிரித்த சிரிப்பில் எழுந்து அடுப்படிக்கு ஓடிவிட்டார். திரும்பி வரும்போது கண் சிவந்திருந்தது. சிரித்ததாலா வேறு எதனாலா என்று நான் கேட்கவில்லை.

தெப்ராவில் அக்கா எலெக்ட்ரானிக் பேக்டரியில் சேர்ந்தார். அவரைக் கட்டிய மச்சான் அங்கேதான் பழக்கம். நல்ல மனிதர். மருமகனுக்கு ஏழு வயதில் அவர் மோட்டார் விபத்தில் போய்விட்டார். அக்கா மூன்று நாள் படுத்திருந்தார். நான்காம் நாள் காலை பையனுக்குப் பள்ளிச் சீருடை தேய்த்தார். "அழுதா யூனிபாமு சுருங்கும்" என்று என்னிடம் சொன்னார். அந்த மாதிரி ஏதாவது சொல்லித்தான் எங்கள் வாயை அடைப்பார். பேக்டரி போக, வீட்டில் தையல். அப்படித்தான் மருமகனைப் படிக்க வைத்தார். அவன் கப்பல் வேலைக்குப் போன அன்று, "கடல்ல பஸ் ஸ்டாப் இல்லடா, பாத்துப் போ" என்றுதான் வழியனுப்பினார்.

பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். டிசம்பர் பிறந்துவிட்டால் வீட்டில் வேறு பாட்டு கிடையாது. முதலில் கேசட், பிறகு சிடி, கடைசியில் போனில். கோயில் பாடகர் குழு வேனில் வீடு வீடாகப் பாடப் போகும்போது அக்கா முன்சீட்டில் உட்காருவார். மிருதங்கம் அடிக்கிற பையன் வேகம் பிடித்தால் திரும்பிப் பார்ப்பார், அவ்வளவுதான், அவன் அடங்கிவிடுவான். நல்ல குரல். ஆனால் உயரமாகப் பாடமாட்டார். எங்கள் வரிசையில் கடைசி வீட்டுச் சீன அம்மாவுக்கு நம் பாட்டில் ஒரு சொல்கூடப் புரியாது. வேன் வந்து நின்றால் வாசலுக்கு வந்து அக்காவைத்தான் தேடுவார். "அந்தப் புள்ள தூங்குற பாட்டு பாடு லா" என்று மலாயில் கேட்பார். தாலாட்டு மாதிரி வரும் ஒரு பழைய பாட்டை அக்கா அந்த வாசலில் மட்டும் இரண்டு தடவை பாடுவார்.

போன வருஷம் நடுவில் அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "வயசாவுது, வயிறு சின்னதாவுது" என்று தள்ளிப்போட்டார். பரிசோதித்தபோது வயிற்றில் கட்டி என்றார்கள். அறுக்க முடியாத இடம். மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். நவம்பரில் ஒரு நாள் ஜொகூர் பாருவில் பெரிய டாக்டரைப் பார்க்க நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அந்த டாக்டர் நல்லவர், பொறுமையானவர், ஆனால் அவர் பேசியதெல்லாம் ஆங்கிலம். அக்காவுக்கு மலாய் தண்ணீர் பட்ட பாடு, ஆங்கிலம் அரைகுறை. எனக்கு சிங்கப்பூரில் ஓட்டி ஓட்டி வந்த ஆங்கிலம். ஆகவே டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார். அக்கா டாக்டரின் வாயையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் சொன்னது இது. மருந்து இனிமேல் கேட்காது. வலி இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம், வீட்டிலேயே இருக்கட்டும். கிறிஸ்துமஸ் வரை இருப்பார் என்று உறுதி சொல்ல முடியாது. அவரைப் பார்க்க வேண்டியவர்கள் தூரத்தில் இருந்தால் இப்போதே வரச் சொல்லிவிடுங்கள். இதை உங்கள் அக்காவுக்கு நீங்களே உங்கள் பாஷையில் சொன்னால் நல்லது.

"என்னாடா சொல்றாரு?" என்றார் அக்கா.

"மருந்த நிப்பாட்டுறாராம்க்கா. வலிக்கு மாத்திரை குடுக்குறாரு. வீட்டுல நல்லா ரெஸ்ட் எடுக்கணுமாம்."

"அவ்ளோதானா? இம்புட்டு நேரம் பேசுனாரே?"

"அவ்ளோதான்க்கா."

அக்கா என்னைப் பார்த்தார். நான் டாக்டரின் மேசையிலிருந்த காலண்டரைப் பார்த்தேன். காருக்கு வந்த பிறகு, "சரி, கறிக்கடையில இப்பவே சொல்லி வெச்சிரு, கிறிஸ்துமஸ் நேரத்துல நல்ல ஆடு கிடைக்காது" என்றார். நான் சரி என்றேன்.

அக்கா அப்பாவுக்குச் செய்ததைத்தானே நானும் செய்தேன் என்று இந்த ஒரு வருஷமாக எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். அந்த நியாயம் நிற்கவில்லை. அது படம். அந்தப் படத்தில் இறந்தவருக்குக் கடலில் ஒரு மகன் இல்லை. உண்மையைச் சொன்னால் அக்கா பயந்துவிடுவார் என்பது நான் பிறகு கண்டுபிடித்த காரணம். பயந்தது நான். அந்த வரியை என் வாயால் தமிழில் சொல்லிவிட்டால் அது நடந்துவிடும் போல இருந்தது.

சிலர், "அவங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கும், விடுங்க" என்று எனக்கு ஆறுதல் சொல்கிறார்கள். தெரிந்திருக்கலாம். தெரியாமலும் இருந்திருக்கலாம். அக்காவிடம் கேட்காமல் அதை நான் முடிவு செய்ய முடியாது. கேட்கவும் இனி வழியில்லை.

டிசம்பர் முதல் ஞாயிறு பாடகர் குழுவினர் வழக்கத்துக்கு முன்னாலேயே வந்து, ஹாலில் அக்காவின் கட்டிலைச் சுற்றி நின்று பாடினார்கள். கடைசி வீட்டுச் சீன அம்மாவும் வந்து கதவோரம் நின்றார். அவருடைய பாட்டு வந்தபோது அக்காவின் உதடு அசைந்தது, குரல் வரவில்லை. மிருதங்கப் பையன் அழுதுகொண்டே அடித்ததில் தாளம் தப்பியது. அக்கா விரலைத் தூக்கினார். அவன் பதறிப்போய் சரியாக அடித்தான். "அதான்" என்றார். குழுவினர் அவரிடமிருந்து கேட்ட கடைசிச் சொல் அதுதான்.

கிறிஸ்துமஸுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, காலை பத்து மணி வாக்கில், நான் கஞ்சி ஆற்றிக்கொண்டிருக்கையில் அக்கா போய்விட்டார். மருமகன் வந்து சேரும்போது அடக்கம் முடிந்து இரண்டு நாள். பையை முதுகிலிருந்து இறக்காமல் கல்லறையில் நின்றான். "மாமா, டாக்டர் ஒண்ணுமே சொல்லலையா?" என்று கேட்டான். "திடீர்னு ஆயிருச்சுப்பா" என்றேன். "கொழும்புல கப்பல் நின்னப்ப நான் எறங்கியிருக்கணும் மாமா. எறங்கட்டுமான்னு கேட்டேன். அம்மாதான் வேணான்னாங்க. அம்மா சொன்னாலும் நான் எறங்கியிருக்கணும்" என்றான். நான் அவன் முதுகிலிருந்த பையை இறக்கி வாங்கிக்கொண்டேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறைய. கடைசி மூன்று வாரம் முறை வைத்து வந்து அக்காவைக் குளிப்பாட்டிய பேக்டரித் தோழிகள், வீட்டுக்கே வந்து நற்கருணை கொடுத்த பாதர், தாளம் தப்பினாலும் பாட்டை நிறுத்தாத பாடகர் குழு, அடக்கத்தன்று வந்தவர்களுக்கெல்லாம் கேட்காமலே சமைத்துப் போட்ட பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பம், தினமும் ஒரு பாத்திரம் சூப் கொண்டு வந்து வைத்த சீன அம்மா, என்னிடம் மறைக்காமல் உண்மையைச் சொன்ன அந்த டாக்டர். உங்கள் எல்லாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. யாராவது விட்டுப்போயிருந்தால் அக்காவுக்காக மன்னியுங்கள்.

மிச்சம் இருப்பது உனக்கு, மருமகனே.

கொழும்பிலிருந்து நீ போன் பண்ணிய அன்று நான் அக்காவின் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். டாக்டரைப் பார்த்து வந்து நான்கு நாள் ஆகியிருந்தது. இறங்கி வந்துவிடட்டுமா என்று நீ கேட்டதும் அம்மா, "ஒரு நிமிஷம் இருய்யா" என்றார் அல்லவா? அதற்குப் பிறகு உனக்கு ஒன்றும் கேட்டிருக்காது. போனை மடியில் கவிழ்த்து, இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.

"டேய், அவன் வந்தா தேவலைன்னு இருக்குடா எனக்கு" என்றார். "டாக்டர் அந்த மாதிரி ஏதும் சொன்னாரா? சொல்லியிருந்தா சொல்லு, இப்பவே வரச் சொல்லிருவேன். சும்மா ஆசைக்கு வரச் சொன்னா புள்ளைக்கு வேலை போயிரும்."

"இல்லக்கா" என்றேன். "ஒண்ணும் சொல்லல."

இன்னொரு தடவை என் முகத்தைப் பார்த்தார். அப்புறம்தான் போனை எடுத்துக் காதில் வைத்து, வேலையை முடித்துவிட்டு வா என்று உன்னிடம் சொன்னார்.

உன் அம்மா உன்னைக் கேட்டார், ஐயா. வேண்டாம் என்றது நான்.